"டில்" போட்டால் கெடு தப்பும்!

குற்றாலத்தில் சீசன். மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது. குளிக்கத் தடை! துண்டும் கையுமாக நிற்கிறது கூட்டம்.

வடநாட்டுக்காரர் ஒருவர் போலீஸ்காரரிடம், "ஹவ் லாங்?" என்கிறார். "எவ்வளவு நேரம் தடை?" என்று அர்த்தம். "வென்?" என்றால், "எப்போது விடுவீர்கள்?" என்று அர்த்தம். முன்னதற்குப் பதில், "2 மணி நேரம்". பின்னதற்குப் பதில், "4 மணிக்கு". அருவிக்கரையில் எதைக் கேட்டாலும் குடி முழுகாது.

மனுவில் மாற்றி எழுதினால் முழுகிவிடும்!

தென்காசியில் பட்டம் பெற்ற ஒரு பெண், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரக் கல்லூரிக்கு மனு போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழை 10-ந் தேதிக்குள் அனுப்புவதாகச் சொல்ல வேண்டும். "ஐ வில் சென்ட் இட் டில் த டென்த்" என்று எழுதிவிட்டாள்.

படிப்பவர் விழிப்பார். "டில்" என்றால் "வரை". 10-ந் தேதி வரை தினமும் அனுப்பிக்கொண்டே இருப்பாளா, என்ன? "க்குள்" என்பதற்கு "பை" போட வேண்டும். "பை த டென்த்". 10-ந் தேதியும் அதில் அடக்கம்.

"10-ந் தேதி வரை மனு போடலாம்", "10-ந் தேதிக்குள் மனு போடலாம்" என்று நாம் இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். வினை அதில்தான்! தொடர்ந்து நடப்பதற்கு "டில்". ஒரே தடவை முடிப்பதற்கு "பை".

இன்னொன்று. "இன் டூ டேஸ்" என்றால் 2 நாள் கழித்து. 2 நாளுக்குள் என்றால் "விதின் டூ டேஸ்".

சுடும் கோடு

நம் ஊரில் "லாஸ்ட் டேட்" என்றால் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டில் "டெட்லைன்" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு பயங்கரக் கதை உண்டு.

1864-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். ஆண்டர்சன்வில் என்ற ஊரில் கைதிகள் முகாம். மதிலுக்கு உள்ளே சற்றுத் தள்ளி ஒரு தாழ்ந்த வேலி. அதைத் தாண்டிய கைதியைச் சுட்டார்கள். அந்த எல்லைக்குப் பெயர் "டெட்லைன்", சாவுக் கோடு!

பிறகு அந்தச் சொல் பத்திரிகை ஆபீசுக்கு வந்தது. செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்குப் பெயராயிற்று. (அங்கே தாண்டினால் சுடமாட்டார்கள். ஆசிரியர் பார்க்கும் பார்வையே போதும்!)

"இஸ்" எங்கே?

நேராகக் கேட்டால், "வென் இஸ் த டெட்லைன்?" சரி. மரியாதையாகக் கேட்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். "குட் யூ டெல் மீ வென் த டெட்லைன் இஸ்?" என்று "இஸ்" கடைசிக்குப் போய்விட வேண்டும்.

தேதி தெரிந்துவிட்டது. போதுமா? போதாது. 10-ந் தேதி நள்ளிரவு என்று சொன்னால், எந்த ஊர் நள்ளிரவு? சிட்னியில் 12 அடிக்கும்போது தென்காசியில் மாலை 7-30தான். அங்கே கோடைக்காலம் என்றால் 6-30! இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், கதவு மூடியிருக்கும்.

ஆகவே, இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "இஸ் தட் சிட்னி டைம்?"