நியமகிரி: கிராம சபைகள் காத்த மலை

ஒடிசாவின் ராயகடா, காலாஹண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது நியமகிரி மலைத்தொடர். அங்கு வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடியினருக்கு மலையே தெய்வம். நியமராஜா அதன் அரசன். உச்சியில் படிந்திருப்பது பாக்சைட், அலுமினியத்தின் மூலக் கனிமம். நுண்துளைகள் நிறைந்த இந்தப் படிவம் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளில் கசியவிடுகிறது. அதைத் தோண்டி எடுத்தால் மலையின் நீர்த்தொட்டியே போய்விடும். வம்சதாரா ஆறு பிறப்பதும் இம்மலைகளில்தான்.

அடிவாரத்திலுள்ள லாஞ்சிகரில் வேதாந்தா குழுமம் அலுமினா ஆலையைக் கட்டியது. அதற்காக மலையை வெட்டும் திட்டத்தைப் பழங்குடியினர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தனர். திட்டத்தை ஆராய்ந்த என்.சி. சக்சேனா குழுவின் அறிக்கையை அடுத்து, 2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு இந்திய வரலாற்றிலேயே அரிதானது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினரின் வழிபாட்டு உரிமை உள்ளிட்ட கோரிக்கைகளைக் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மாநில அரசு தேர்ந்தெடுத்தவை 12 கிராமங்கள் மட்டுமே. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் உள்ள மலைக்கு இது மிகக் குறைவு என்ற ஆதங்கம் நியாயமானது. ஆயினும், மாவட்ட நீதிபதி பார்வையாளராக அமர்ந்திருக்க, ஆணும் பெண்ணும் எழுந்து பேசி, 12 சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் அமைச்சகமும் திட்டத்தை நிராகரித்தது. சபைகளை மீண்டும் கூட்டக் கோரிய மாநிலச் சுரங்கக் கழகத்தின் மனுவை 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆலை மட்டும் வெளியிலிருந்து வரும் பாக்சைட்டைக் கொண்டு இயங்குகிறது.