சுருங்கிய விதையின் இனிப்பு

உதகைச் சந்தையில் பச்சைப் பட்டாணிக் காயைப் பிளந்து, இரண்டு மணிகளை வாயிலிட்டுச் சுவைத்தவர், அந்த மதுரத்தைத் தம் வீட்டுத் தோட்டத்திலேயே விளைவிக்க ஆசைப்படுவது இயல்பே. ஆனால் அந்த ஆசை கைகூடுவது எருவையும் நீரையும் காட்டிலும், எந்த விதையை எந்தப் பருவத்தில் மண்ணிலிட்டோம் என்பதையே பெரிதும் பொறுத்தது.

உலர்ந்த பட்டாணி விதையில் இரண்டு ஜாதிகள் உண்டு. உருண்டு திரண்டு வழவழப்பாக இருப்பது ஒன்று. தோல் திரைந்து சுருங்கிக் கிடப்பது மற்றொன்று. காண்பவர் கண்ணுக்கு முதலாவதே உத்தமமான வித்தாகத் தோன்றினாலும், தின்பவர் நாவுக்கு இரண்டாவதே உகந்தது. சர்க்கரையை மாவுச்சத்தாகத் திரட்டும் சக்தி அதில் குறைந்திருப்பதால், இனிப்பு இனிப்பாகவே தங்கி, மிகுதியான நீரை உள்ளிழுத்துக்கொள்கிறது. விதை முற்றி உலரும்போது அந்த நீர் வெளியேற, தோல் சுருங்கிவிடுகிறது. பிர்னோ நகரத்து மடாலயத் தோட்டத்தில் ஆராய்ச்சி நடத்திய கிரிகோர் மெண்டல் பாதிரியார், இவ்விரு ஜாதிகளையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளையும் 1,850 சுருங்கிய விதைகளையும் எண்ணி, 1866-இல் வெளியிட்ட கட்டுரையில் பாரம்பரிய சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமிட்டார் என்பதை நினைக்கையில், சமையலறையில் நாம் அலட்சியமாக உரித்தெறியும் இந்தக் காயின்மீது சற்றே மரியாதை பிறக்கிறது.

அந்த இனிப்பே விதைக்கு ஆபத்தாகவும் முடியும். குளிர்ந்து நீர் தேங்கிய மண்ணில் சுருங்கிய விதை தன் சர்க்கரையைக் கசியவிட, பூஞ்சணம் அதை நாடி வந்து, முளைக்குமுன்பே அழுகச் செய்துவிடுகிறது. உருண்டை விதையோ இவ்விஷயத்தில் பொறுமைசாலி. இரவெல்லாம் ஊறவைத்து விதைப்பதைப் பலர் விதியாகக் கொண்டிருக்கின்றனர். ஈரமான நிலத்தில் அது பிரயோஜனத்தைவிடத் தீங்கே செய்யும் என்பது என் அபிப்பிராயம். கடையில் வண்ணம் பூசி விற்கும் விதைகளில் பூஞ்சணத்தைத் தடுக்கும் நஞ்சு கலந்திருக்கும் ஆதலால், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது அவசியம்.

பட்டாணி குளிர்ச் சீதோஷ்ணத்தின் பயிர். 30 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் பூ உதிரும், காய் பிடிக்காது. எனவே நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிப்ரவரி–மார்ச்சிலும் அக்டோபர்–நவம்பரிலும் விதைப்பார்கள். சமவெளியில் இருப்பவர், குளிர்காலத்தை நம்பி ஒரு பாத்தியில் முயலலாமேயன்றிப் பெரும் அறுவடையை எதிர்பார்க்கலாகாது.

வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், விதைக்கு விதை 10 சென்டிமீட்டரும் விட்டு, சுமார் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் போதும். பருப்புகள் இரண்டும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவதால், குருவி தளிரைக் கொத்தினாலும் அடியிலிருந்து மறுமுளை கிளம்பக்கூடும். வேரைத் தோண்டிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் தெரியும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பாக்டீரியாக்கள் உரமாக்கித் தரும் இடம் அது. ஆகவே தழைச்சத்து உரத்தை வாரிக் கொட்டுவது வீண், இலை மண்டிக் காய் குறையும். பற்றுக்கம்பிகள் உருமாறிய இலைகளே. அவை தடித்த மூங்கிலைவிட மெல்லிய கிளைகள் விரிந்த சுள்ளியையே எளிதில் பற்றும். பூக்கும் வேளையில் மட்டும் நீர் தவறலாகாது.

பறித்த காயில் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடுவதால், அடுப்பு மூட்டிவிட்டுக் காய் பறிக்கச் செல்பவரே உண்மையான ரசிகர். முற்றவிடாமல் பறித்துவந்தால் செடி மேலும் பூக்கும். மறு ஆண்டுக்கு வித்து வேண்டுவோர், நல்ல செடிகள் சிலவற்றில் காயைப் பறிக்காமல் காயவிட வேண்டும். மலர் விரியுமுன்பே மகரந்தம் சேர்ந்துவிடுவதால், அண்டைப் பாத்தியில் வேறு ஜாதி இருந்தாலும் பெரும்பாலும் கலப்பு நேராது. அந்த வித்தை அதே பாத்தியில் மட்டும் இடவேண்டாம். வேரழுகல் நோய் மண்ணில் தங்கியிருக்கும்.