பளிச் ரோஸ் சுவர்!

குட்டீஸ்... வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, 'எனக்கு ரோஸ் கலர் தான் வேணும்' என்று அடம் பிடித்ததுண்டா? வெளிறிய ரோஸ் அல்ல. காகிதப் பூ போல கண்ணைப் பறிக்கும் ரோஸ்!

'நாலு சுவருக்கும் அதை அடித்தால் கண் கூசும்' என்று அம்மா மறுத்திருப்பார். அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. உங்கள் ஆசையிலும் தப்பில்லை. இரண்டுக்கும் வழி கண்டவர் ஒருவர் இருந்தார். அவர், மெக்சிகோ நாட்டுக் கட்டடக் கலைஞர், லூயிஸ் பராகான்.

1902ல் பிறந்த பராகான், பொறியியல் படித்தவர். 1948ல், மெக்சிகோ நகரில் தனக்கென ஒரு வீடு கட்டி முடித்தார். தெருவிலிருந்து பார்த்தால், மிகச் சாதாரண வீடு. உள்ளே நுழைந்ததும், நம்மூர் ரேழி போல குறுகலான, மங்கலான ஒரு நடை. அதைத் தாண்டினால் கூடம். அங்கே, பளீரென்று ரோஸ் சுவர்!

தரையும் படிகளும் எரிமலைக் கல்லால் ஆன கறுப்பு நிறம். மாடிப்படித் திருப்பத்தில், தங்கத் தகடு ஒட்டிய ஓவியப் பலகை. மேலே இருக்கும் ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் அதில் பட்டு, கூடமெங்கும் பரவுகிறது. ரோஸ் சுவருக்குத் துணையாக, வெள்ளைச் சுவர்களையும் விட்டு வைத்தார் பராகான். அதில் தான் சூட்சுமம்!

வெயிலில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. ரோஸ் சுவர், பச்சை நிறத்தைப் பெருமளவு விழுங்கிவிடும். சிவப்பையும் கொஞ்சம் நீலத்தையும் திருப்பி அனுப்பும். அந்த வெளிச்சம் பக்கத்து வெள்ளைச் சுவரில் விழும்போது, அதுவும் லேசாக ரோஸ் பூசிக்கொள்ளும். பெயின்ட் செலவில்லாமல் கிடைத்த நிறம்!

நாலு சுவரும் ரோஸ் என்றால்? ஒரு சுவரில் பட்ட வெளிச்சம், இன்னொரு ரோஸ் சுவரில் மோதி, மறுபடி மறுபடி திரும்பும். ஒவ்வொரு முறையும் நிறம் அழுத்தமாகும். கடையில் சின்ன அட்டையில் பார்த்த நிறம், அறை முழுக்க அடித்ததும் 'அடேயப்பா' என்று மிரட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்து பாருங்களேன்!

காலி செருப்புப் பெட்டியின் உட்புறம் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ரோஸ் சார்ட் பேப்பர் ஒட்டி, அதன் மேல் வெயில் விழுமாறு பிடியுங்கள். பக்கத்து வெள்ளைத் தாள் நிறம் மாறுகிறதா? இப்போது, நாலு பக்கமும் ரோஸ் ஒட்டிப் பாருங்கள். அம்மாவின் கவலை புரிந்துவிடும்.

அடுத்து, அதே சார்ட் பேப்பரை அறைச் சுவரில் ஒட்டி, காலை, மதியம், இரவு டியூப்லைட் என்று மூன்று வேளையும் பாருங்கள். ஒரே தாள், மூன்று நிறமாகத் தெரியும்! மூன்றும் பிடித்திருந்தால், வெளிச்சம் நன்றாக விழும் சுவர் ஒன்றை மட்டும் கேளுங்கள்.

பராகானுக்கு, கட்டடக் கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு, 1980ல் கிடைத்தது. 1988ல் மறையும் வரை, அவர் இந்த வீட்டில் தான் வாழ்ந்தார். 2004ல், யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 'ரோஸ், பெண் பிள்ளைகள் கலர்' என்று கேலி செய்யும் அண்ணன்களிடம், இதையும் மறக்காமல் சொல்லுங்கள்!