தேரி மணலும் ஜீப்பின் இரண்டாவது கியர்க் கம்பியும்

திருச்செந்தூரைத் தாண்டி காயாமொழிப் பக்கம் போனால் தேரிக்காடு. காற்று குவித்த செம்மணல் மேடுகள். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி இங்கே சிக்கினால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க மணலைப் பறித்துக்கொண்டு அச்சு வரை இறங்கிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் இதில் ஏறிப் போகும். போர்க்களத்துக்காகப் பிறந்த வண்டி அது.

1940-ல் அமெரிக்க ராணுவம் இப்படியொரு இலகு வண்டி கேட்டு 135 நிறுவனங்களுக்கு எழுதியது. பான்டம் என்ற சிறிய நிறுவனம், பொறியாளர் கார்ல் புரோப்ஸ்டின் வரைபடத்தை வைத்து, செப்டம்பரிலேயே முதல் மாதிரியைக் கொடுத்துவிட்டது. ஆனால் வில்லிஸ் நிறுவனத்தின் 60 குதிரைத்திறன் இன்ஜின் எல்லாரையும் முந்தியது. பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாகிவிட்டன.

இந்தியாவில் ஜீப்பின் கதை வேறொரு வணிகத்தில் தொடங்கியது. 1945-ல் ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்கள் மாலிக் குலாம் முகமதுவுடன் சேர்ந்து இரும்பு வணிகத்துக்காக 'மஹிந்திரா அண்ட் முகமது' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அதன் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் நிறுவனம் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. இதற்கிடையே, 1947-லேயே வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்டத் தொடங்கியிருந்தார்கள். பிறகு உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தார்கள்.

ஜீப்பின் சூட்சுமம் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பல்சக்கரப் பெட்டியில் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை அது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும். வழக்கமான கியருக்குப் பக்கத்தில் இதற்கென்று தனிக் கம்பி உண்டு. அதை 'லோ'வில் போட்டால் வேகம் சுமார் பாதியாகும். இழுவிசை அதே விகிதத்தில் கூடும். மணலில் இறங்குமுன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவார்கள். டயர் அகன்று பதியும், எடை பரவும், புதைவது குறையும். தார்ச்சாலைக்கு வந்ததும் முன் அச்சை விடுவித்துவிட வேண்டும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். இரண்டையும் பிணைத்தே வைத்திருந்தால் பல்சக்கரங்கள் இறுகித் தேயும்.

ராணுவம் கேட்டது சிப்பாயே பழுதுபார்க்கக்கூடிய எளிய வண்டி. அந்த எளிமைதான் ஜீப்பை நம் ஊர்களில் நிலைக்க வைத்தது. போலீசும் வனத்துறையும் அதைத்தான் நம்பின. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை மலையேற்றியதும் ஜீப்தான். 2010-ல் அதன் வாரிசாக 'தார்' வந்தது. 2020-ல் அது முழுக்கப் புதுவடிவம் பெற்றபோதும், நான்கு சக்கர இழுவைக்கான அந்தத் தனிக் கம்பியை மஹிந்திரா கைவிடவில்லை. சாலை போடாத இடங்கள் இருக்கும்வரை அதற்கு வேலை இருக்கிறது.