இரண்டு மழை குடிக்கும் ஆறு

மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ ஆறு நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டுகிறது. கோட்டுக்கு வடக்கே மழை ஓயும்போது தெற்கே வானம் கறுக்கும். ஆகவே எந்த மாதமானாலும் ஏதாவது ஒரு பக்கத்துத் துணையாறு பெருகிக்கொண்டிருக்கும். 4,700 கிலோமீட்டர் ஓடிக் கடலில் விழும் இடத்தில் விநாடிக்குச் சராசரி 14 லட்சம் கன அடிக்கு மேல். அமேசானை விட்டால் இத்தனை தண்ணீர் வேறு ஆற்றில் இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு நம்மூர்க் குமரி மாவட்டத்துக் கோதையாறுதான் நினைவுக்கு வந்தது. சிரிக்க வேண்டாம். அளவில் யானையும் எறும்பும்தான். ஆனால் பிழைக்கிற வழி ஒன்றுதான்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கிறது. மலைக்கு மேற்கே கேரளத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைதான் பெருமழை. மேற்குத்தொடர்ச்சி மலை தேய்ந்து முடிகிற மூலையில் இருப்பதால் குமரிக்கு இடவப்பாதியும் உண்டு, துலாமழை என்கிற ஐப்பசி மழையும் உண்டு. வயலைக் கேட்டாலே சொல்லும்: கன்னி மாதத்தில், அதாவது புரட்டாசியில், அறுப்பது கன்னிப்பூ நெல், கும்பமாகிய மாசியில் அறுப்பது கும்பப்பூ.

ஒரு வித்தியாசம் உண்டு. காங்கோவுக்கு நடுவழியில் பரந்த சதுப்புக்காடு இருக்கிறது. வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும். கோதையாற்றுக்கு அந்தச் சாவகாசம் கிடையாது. மலையில் பிறந்து, திற்பரப்பில் அருவியாகக் குதித்து, திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு கூடி, குழித்துறையில் தாமிரபரணி என்று பெயர் மாறி (நெல்லைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அவர்களுடைய தாமிரபரணி வேறு), தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலில் கலக்கிறது. மொத்தம் நூறு கிலோமீட்டர்கூட வராது. பிடித்து நிறுத்தாவிட்டால் மலையில் பெய்த மழைக்கு நேரே கடல்தான்.

பிடித்து நிறுத்தியது பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணைக்குப் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். பறளியாற்றில் பெருஞ்சாணி அணை 1950-களில் வந்தது.

என்னை வியக்கவைப்பது அணையைவிட, தண்ணீரைத் திசைதிருப்பிய சாமர்த்தியம். மேற்கே ஓட வேண்டிய தண்ணீர் சானல் வழியாகக் கிழக்கே திரும்பிப் பழையாற்றுப் பாசனத்தில் சேர்கிறது. அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல் என்று பிரிந்து குளங்களை நிரப்புகிறது. தோவாளை சானலிலிருந்து ஒரு கிளை நெல்லை மாவட்டத்து இராதாபுரம் வரை போகிறது, இடவப்பாதி எட்டிப் பார்க்காத காய்ந்த சீமைக்கு.