பிற்றும் பைற்றும்: எழுத்து மாறினால் அலகு மாறும்

இணைய இணைப்பொன்றின் வேகம் செக்கனுக்கு 8 மெகாபிற்று. அதில் 40 மெகாபைற்றுக் கோப்பொன்றைத் தரவிறக்க எவ்வளவு நேரம் செல்லும்? 5 செக்கன் என விடை எழுதுவோர் பலர். சரியான விடை 40 செக்கன்.

1 பைற்று = 8 பிற்று. பிற்றின் குறியீடு ஆங்கிலச் சிறிய எழுத்து ‘பீ’. பைற்றுக்குப் பெரிய எழுத்து ‘பீ’. வினாவிலும் சரி, மென்பொருளில் வேக வரம்பு இடும்போதும் சரி, இவ்வெழுத்தையே முதலில் பாருங்கள். கணிப்பு முறை சரியாயினும் எழுத்தைத் தவறவிட்டால் விடை எட்டு மடங்கு பிழைக்கும்.

முன்னொட்டிலும் அவதானம் தேவை. பெரிய ‘எம்’ மெகா, அதாவது பத்து இலட்சம். சிறிய ‘எம்’ மில்லி, ஆயிரத்தில் ஒன்று. கிலோவுக்குச் சிறிய ‘கே’. பெரிய ‘கே’ வெப்பநிலை அலகான கெல்வினைக் குறிக்கும். ஆயினும் கணினித் திரையில் கிலோபைற்று பெரிய ‘கே’யுடனேயே பெரும்பாலும் தோன்றும், விண்டோஸில் அது 1024 பைற்று. இக்குழப்பம் நீங்க, சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1998 இல் 1024 க்குக் ‘கிபி’ என்ற முன்னொட்டை வகுத்தது. விண்டோஸ் பழைய வழக்கைக் கைவிடவில்லை. 500 கிகாபைற்று வன்தட்டு அதில் ஏறத்தாழ 465 எனத் தோன்றுவது இதனாலேயே. வன்தட்டில் பழுது எதுவுமில்லை.