ஜோஸ்டின் முயல்கள் சொன்னதும் சொல்லாததும்

கருவுற்று ஆறு வாரம் ஆகும்வரை ஆண் கருவையும் பெண் கருவையும் உருவத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. குரோமோசோம் எக்ஸ்எக்ஸ் ஆனாலும் எக்ஸ்ஒய் ஆனாலும், விந்தகமாகவோ அண்டகமாகவோ மாறக்கூடிய ஒரே மாதிரியான மேடுகள் இரண்டு இருக்கும். ஏழாம் வாரத்தையொட்டி அவற்றின் அருகே இரண்டு வகைக் குழாய்களும் இருக்கும். வுல்ஃபியன் குழாய் பின்னர் விந்து செல்லும் பாதையாக மாறக்கூடியது. முல்லேரியன் குழாய் கருப்பையாகவும் கருக்குழாய்களாகவும் மாறக்கூடியது. எது தங்கும், எது மறையும் என்பதற்கு முதல் தெளிவான விடையை 1940களில் பிரான்சில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் கண்டார். தாய்முயலின் வயிற்றுக்குள் இருந்த கருக்களிலிருந்து அந்த இன உறுப்பு மேடுகளை வெட்டியெடுத்தார். எல்லாக் குட்டிகளுக்கும் பெண் பாதையே வளர்ந்தது. விந்தகத்துக்குப் பதிலாக, அது சுரக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை வைத்தபோது வுல்ஃபியன் குழாய் பிழைத்தது, ஆனால் முல்லேரியன் குழாய் அழியவில்லை. அப்படியானால் அதை அழிக்க விந்தகம் வேறொரு பொருளையும் சுரக்க வேண்டும் என்று ஊகித்தார். ஊகம் சரி; இன்று அதை ஏ.எம்.ஹெச். என்கிறோம்.

அந்த மேட்டை விந்தகமாக்குவது எது என்பது 1990இல் லண்டனில் தெரிந்தது: ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற சிறு மரபணு. மறு ஆண்டே அதை எக்ஸ்எக்ஸ் எலிக் கருவுக்குள் செலுத்தினார்கள், விந்தகம் வளர்ந்தது. இவற்றையெல்லாம் சேர்த்து, ஆணாவதற்குக் கட்டளை வேண்டும், கட்டளை இல்லாவிட்டால் தானாக விளைவது பெண் என்று ஒரு வாய்பாடு பிறந்தது. இதன் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அந்தச் சான்றுகளிலிருந்து வராது. முயல்கள்தாம் நிரூபித்துவிட்டனவே என்பார்கள். அவை நிரூபித்தது குழாய்களையும் வெளியுறுப்பையும் பற்றி மட்டுமே. அண்டகம் எப்படி உருவாகிறது என்பதை, இன உறுப்பையே வெட்டி எடுத்துவிட்ட சோதனை எப்படிச் சொல்லும்? பின்னால் வந்த சான்றுகள் எதிர்த்திசையில் நிற்கின்றன. ஆர்.எஸ்.பி.ஓ.1 என்ற மரபணு பழுதான சிலருக்கு, எஸ்.ஆர்.ஒய். இல்லாமலே, எக்ஸ்எக்ஸ் உடலில் விந்தகம் வளர்ந்திருக்கிறது. 2009இல், வளர்ந்த பெண் எலிகளின் அண்டகத்தில் ஃபாக்ஸ்.எல்.2 மரபணுவை நீக்கியதும் அங்குள்ள செல்கள் விந்தகச் செல்களைப் போல மாறி டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தொடங்கின. ஆக, அண்டகம் அண்டகமாக நீடிப்பதற்கே இடைவிடாத வேலை நடக்கிறது. குழாய் விஷயத்திலும் ஜோஸ்டின் விளக்கம் முழுமையல்ல. டெஸ்டோஸ்டிரோன் கிடைக்காமல் வுல்ஃபியன் குழாய் வாடிப்போகிறது என்றே நெடுநாள் நம்பினோம்; பெண் எலிக் கருவில் அதை அகற்றவும் ஒரு தனி மரபணு உழைக்கிறது என்பது 2017இல் தெரியவந்தது.

இவை அரிய பழுதுகள், ஒய் இருந்தால் ஆண் என்ற விதி பெரும்பாலும் பலிக்கிறதே என்று கேட்கலாம். பலிக்கிறதுதான். முன்கூட்டிச் சொல்ல அது போதும், விளக்கம் சொல்லப் போதாது. டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் எக்ஸ்ஒய் குழந்தைகள் சிலர் பெண் போன்ற வெளியுறுப்புடன் பிறந்து, பருவமடையும்போது ஆணுடல் பெறுவதை 1974இல் ஆய்வாளர்கள் விவரித்தனர். டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான டி.ஹெச்.டி.யாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவு. கருவில் வெளி ஆணுறுப்பை வடிப்பது டி.ஹெச்.டி.தான். டெஸ்டோஸ்டிரோன், டி.ஹெச்.டி. போன்ற ஆண் ஹார்மோன்களை (ஆண்ட்ரோஜன்களை) செல்கள் உணர உதவும் ஆண்ட்ரோஜன் ஏற்பி முழுவதுமாகச் செயலிழந்தவர்களின் நிலை இதைவிடத் தெளிவு. எஸ்.ஆர்.ஒய். வேலை செய்கிறது, விந்தகம் உண்டு, டெஸ்டோஸ்டிரோனும் தாராளம். அதைக் கேட்கும் செவி செல்களுக்கு இல்லாததால் வெளியுடல் பெண்ணாகவே வளர்கிறது. ஏ.எம்.ஹெச்.க்கு ஏற்பி வேறு. அது தன் வேலையை முடித்துவிடுவதால் கருப்பையும் கருக்குழாய்களும் இருக்காது. ஆணுடலுக்கு இன்றியமையாத இந்த ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு ஒய் குரோமோசோமில் இல்லை. எக்ஸில் இருக்கிறது, மகனுக்கு அது தாயிடமிருந்தே வருகிறது.